இன்னிக்கி என்ன கெடச்சுது?

தமிழ் வீட்டுக்குள்ளே 'நன்றி' என்ற வார்த்தைக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மேடையில் உண்டு, கல்யாணப் பத்திரிகையில் உண்டு, பஸ்ஸின் பின்பக்கம் 'நன்றி, மீண்டும் வருக' என்று உண்டு. வீட்டில் யாராவது சொல்லிப் பாருங்கள். தோசை வைத்த அம்மாவிடம் "நன்றிம்மா" என்றால், "ஏன்டா, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள் :-)

அப்படிப்பட்ட ஊரில், தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து நன்றி சொல்கிறது என்றால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். புதுச்சேரி நெல்லித்தோப்பில் விண்ணேற்பு அன்னை கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிற வீடு. கத்தோலிக்கக் குடும்பம். ஆயா, அப்பா, அம்மா, அக்கா, தம்பி. சுவரில் இருதய ஆண்டவர் படம், அதற்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. ஜெபமாலை, பிரார்த்தனை எல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து ஓடப் பார்ப்பார்கள் (எட்டு மணிக்கு சீரியல்!). ஆயா விடமாட்டார்.

"இன்னிக்கி என்ன கெடச்சுது?"

இதுதான் கேள்வி. ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ஆயா வைத்திருந்த சட்டதிட்டங்கள் ஒரு கம்பெனி சட்டத்துக்குக் குறையாது. நேற்று சொன்னதை இன்று சொல்லக் கூடாது. 'உயிர் கொடுத்ததுக்கு', 'நல்ல குடும்பம் கொடுத்ததுக்கு' மாதிரி மொத்த வியாபாரம் செல்லாது. சில்லறையாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். முக்கியமானது: அந்த நல்ல காரியம் ஒரு ஆள் மூலமாக வந்திருந்தால், சாமியிடம் சொன்னால் மட்டும் போதாது, மறுநாள் அந்த ஆளிடமும் சொல்ல வேண்டும். மறுநாள் ராத்திரி "சொன்னியா?" என்று விசாரணை நடக்கும். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாம் முடிந்த பிறகு ஆயா ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்புவார். அதற்குள் சீரியலில் பாதி போயிருக்கும்.

இந்தப் பழக்கம் ஆயா கண்டுபிடித்ததா என்று கேட்டால், இல்லை. ஆயாவுக்கு அவருடைய ஆயா. அதற்கு முன்னால் போனால் வழி எங்கெங்கோ போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை ஆரம்பித்த புனித இஞ்ஞாசியார் (1491-1556) 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்று ஒரு கையேடு எழுதினார். 1548-ல் போப்பாண்டவர் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். அதில் தினமும் மனசாட்சியைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஐந்து படிகள் உண்டு. பாவத்தை எண்ணுவதில் ஆரம்பிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் படி, வாங்கிக்கொண்ட நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பாவக் கணக்கு அதற்குப் பிறகுதான். 1542-ல் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாப் பாவங்களுக்கும் ஊற்று நன்றிகெட்டதனம்தான் என்கிறார். திருடுவதும் பொய் சொல்வதும் அதற்குப் பிறகு வருபவை.

அந்தச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். 1773-ல் அந்தச் சபையையே ரோமாபுரி கலைத்தது. 1776-ல் பாரிஸ் வேதபோதக சபைக்காரர்கள் வந்து பொறுப்பெடுத்தார்கள். குருக்கள் மாறினாலும் வீட்டு ஜெபம் மாறவில்லை. இஞ்ஞாசியார் என்று ஒருவர் இருந்தார் என்பதே ஆயாவுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் அவர் நடத்திய விசாரணையில் முதல் கேள்வி 'என்ன தப்பு பண்ணின?' என்று ஒருநாளும் இருந்ததில்லை.

வார்த்தைகளைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். திருக்குறளில் 11-வது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். பழைய தமிழில் 'நன்றி' என்றாலே ஒருவர் செய்த நல்லதுதான். அந்த நல்லதை மறக்காமல் 'அறிவது' இன்னொருவர் வேலை. இன்றைக்கு அறிகிற வேலையைக் கழற்றி வைத்துவிட்டு வார்த்தையை மட்டும் வாயில் வைத்திருக்கிறார்கள். ஆயாவின் கேள்வியில் 'நன்றி' என்ற சொல்லே கிடையாது பாருங்கள். கிடைத்தது என்ன என்றுதான் கேட்டார். வள்ளுவர் கட்சி.

கிறிஸ்தவர்களின் மிகப் பெரிய வழிபாடான திருப்பலிக்குக் கிரேக்கத்தில் யூகாரிஸ்தியா என்று பெயர். அர்த்தம், நன்றி கூறுதல். தமிழில் அது 'நற்கருணை' ஆயிற்று. அழகான சொல்தான், ஆனால் நன்றி உள்ளே எங்கேயோ மறைந்துபோயிற்று.

பிரெஞ்சு ஆண்ட ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் நன்றி என்பதற்கு 'மெர்சி'. தெருவுக்கு ஒரு பெண்ணுக்காவது மெர்சி என்று பெயர் இருக்கும். அது இரக்கம் என்ற பொருள்படும் ஆங்கில வார்த்தை. இரண்டும் ஒரே லத்தீன் சொல்லில் இருந்து வந்தவை. மெர்செஸ், அதாவது கூலி, விலை, சன்மானம். அதற்கும் அடியில் இருக்கும் மெர்க்ஸ் என்ற சொல்லுக்குச் சரக்கு என்று பொருள். 'காமர்ஸ்' என்ற வார்த்தை பிறந்ததும் அங்கிருந்துதான்! பி.காம். படிக்கிற பிள்ளைகள் பாடம் நடக்கும்போது பெஞ்சில் தூங்காமல் இருக்க இந்தத் தகவல் உதவலாம்.

வணிகத்துக்கும் இதற்கும் இருக்கிற உறவு வார்த்தையோடு நிற்கவில்லை. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494-ல் வெனிஸில் அச்சுப் புத்தகமாகப் போட்ட லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. கணக்குப் புத்தகத்தைக் கடவுள் பெயரோடு ஆரம்பிக்க வேண்டும், முதல் புத்தகத்துக்குச் சிலுவைக் குறி போட வேண்டும் என்று எழுதினார். இங்கே மளிகைக் கடையில் கணக்கு நோட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லாமல் 'லாபம்' என்று எண்ணுகிற வழக்கமும் இருந்தது. வரவு எழுதுவதற்கு முன்னால் வரவு எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி நிற்பது, வெனிஸிலும் உண்டு, பெரிய மார்க்கெட்டிலும் உண்டு.

தெற்கே திருநெல்வேலி பக்கம் சி.எஸ்.ஐ. சபைகளில் இதைப் பண்டிகையாகவே கொண்டாடுகிறார்கள். அறுப்பின் பண்டிகை, அசனம். விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், தென்னங்கன்று எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஐம்பது ரூபாய் பூசணிக்காய் பல மடங்குக்குப் போவதும், ஏலம் எடுத்தவரே அதைத் திருப்பி ஏலத்துக்கு விடுவதும் சகஜம். தேவை-அளிப்பு விதியை மார்ஷல் எழுதியதற்கு நேர் எதிராக ஒரு சந்தை நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகலாம். கத்தோலிக்கப் பங்குகளில் பொங்கல் அன்று நன்றித் திருப்பலி. கோயில் வாசலிலேயே பானை பொங்கும்.

இதெல்லாம் வருஷத்துக்கு ஒருநாள். தினமும் செய்வது வேறு கதை. விஞ்ஞானிகளும் அதற்குள் மூக்கை நுழைத்திருக்கிறார்கள். 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒருமுறை நன்றிக்குரிய விஷயங்களை ஐந்து வரைக்கும் எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் எரிச்சல் தந்த விஷயங்களை. மூன்றாவது பிரிவினர் சும்மா நடந்ததை. பத்து வாரம். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக உணர்ந்தார்கள். உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்களாம்.

ஆனால் ஸோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற இன்னொரு உளவியலாளரும் அவருடைய குழுவும் செய்த ஆறு வாரச் சோதனையில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் சந்தோஷம் கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அலுத்துவிடுகிறது! தினமும் அதே சோறு, அதே சாம்பார், அதே நன்றி.

ஆயாவுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரிந்திருந்தது. 'நேத்து சொன்னத சொல்லாத' என்ற சட்டம் அதற்காகத்தானே. அந்தச் சட்டத்தினால் பிள்ளைகள் பகலிலேயே தேட ஆரம்பித்தார்கள். ராத்திரி என்ன சொல்வது என்று பள்ளிக்கூடத்திலேயே ஒரு கண் வைத்திருப்பார்கள். தம்பி ஒருநாள், "பாண்டி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் குடையில பாதி எடம் குடுத்தாரு" என்றான். சரி, அவரிடம் சொல்ல வேண்டுமே? ஆள் யாரென்று தெரியாது. "அப்ப நீ ஒருத்தனுக்குப் பாதி எடம் குடு, கணக்கு சரியாப் போயிடும்" என்றார் ஆயா.

ஆனால், சந்தோஷம் கூடுகிறது என்பதற்காக இதைச் செய்வது என்றால் அதற்கு ஒரு கிறிஸ்தவக் குடும்பமே வேண்டியதில்லை, ஒரு டைரி போதும். விஷயம் சிக்கலாவது வேறு இடத்தில்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்த வருஷம் அந்த ஞாயிறு திருக்குடும்பத் திருவிழாவும்கூட. சுனாமி வந்தது. கடற்கரைச் சாலையோரம் கருங்கல் தடுப்பு இருந்த புதுச்சேரி நகரம் பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. சுற்றியிருந்த மீனவக் கிராமங்கள் தப்பவில்லை. அதே யூனியன் பிரதேசத்தின் காரைக்காலில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் காலைப் பூசை பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போன யாத்ரீகர்களைத் தண்ணீர் கொண்டுபோயிற்று.

அன்று ராத்திரி நெல்லித்தோப்பு வீட்டில் ஜெபம். அத்தை வந்திருந்தார். முறை வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்க ஊர மட்டும் காப்பாத்தினீரே, ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார்.

ஆயா நடுவிலேயே நிறுத்தினார். ஜெபத்தை நிறுத்துவது அந்த வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

"காரைக்கால்லயும் ஏழரை மணி ஆயிருக்கும். அங்க இருக்கறவ இப்ப என்ன சொல்லுவா?"

யாரும் பேசவில்லை. அன்றைக்கு நன்றி கிடையாது என்று சொல்லிவிட்டு, இறந்தவர்களுக்காக இன்னொரு ஜெபமாலை சொல்ல வைத்தார்.

இது சின்ன விஷயம் இல்லை. "என்னைக் காப்பாற்றினாய்" என்று சொல்லும்போது, காப்பாற்றப்படாதவரைப் பற்றியும் ஏதோ சொல்லப்பட்டுவிடுகிறது. அலை உள்ளே வரவில்லை என்று ஒரு கோயிலைப் பற்றிப் பெருமையாகப் பேசினால், கோயிலுக்கு வெளியே நின்ற பக்தனுக்கு என்ன பதில்? லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்லும் ஒரு கதை இதைத்தான் தொடுகிறது. கோயிலில் நின்று மற்றவர்களைப் போல் தான் இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்ன பரிசேயன். அவன் சொன்னதும் நன்றிதான்! முறைப்படி, கோயிலிலேயே, கடவுளிடமே சொன்ன நன்றி. அது கணக்கில் ஏறவில்லை.

இந்த ஊரின் வரலாற்றிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. பிரெஞ்சு ராஜாக்கள் போரில் ஜெயித்தால் 'தெ தேயும்' என்ற பழைய லத்தீன் நன்றிக் கீதத்தைக் கோயில்களில் பாடச் சொல்வது வழக்கம். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பிப் போனார்கள். டூப்ளேயின் பெரிய வெற்றி. அதே முற்றுகை நாட்களில், செப்டம்பர் மாதம், இயேசு சபையாரின் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அதை வலியோடு எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் தப்பித்த நிம்மதி, இன்னொரு பக்கம் ஊர்க்காரர்களின் கண்ணீர், ஒரே மாதங்களில். பதின்மூன்று வருஷம் கழித்து 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது சபையாரின் கோயிலும் தரைமட்டமாயிற்று. அந்த இடத்தில் 1791-ல் கட்டி முடித்ததுதான் இன்றைக்கு மிஷன் வீதியில் இருக்கிற ஜென்ம ராக்கினி மாதா பேராலயம். ஊர்க்காரர்கள் இன்னும் 'சம்பா கோவில்' என்பார்கள். 'சாம் பவுல்' கோவில் தேய்ந்து அப்படி ஆனது என்கிறார்கள். வேதபுரீஸ்வரருக்கு ஈசுவரன் கோயில் வீதியில் பிற்பாடு வேறு கோயில் எழுந்தது. நவராத்திரிக்கு அங்கே கடலை, சுண்டல் வாங்கித் தின்காத கிறிஸ்தவப் பிள்ளைகள் இந்த ஊரில் குறைவு. அதையும் ஒருநாள் ஏழரை மணிக்கு அக்கா சொல்லியிருக்கிறாள். செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

சுனாமிக்குப் பிறகு ஆயாவின் சட்டப் புத்தகத்தில் ஒரு திருத்தம் வந்தது. 'அவங்களுக்கு இல்லாதது எனக்கு இருக்கு' என்ற வகையில் எதுவும் சொல்லக் கூடாது.

அப்புறம் அப்பாவின் விஷயம்.

அப்பா மில் தொழிலாளி. 2013 வாக்கில் மில்லில் வேலை நின்றது. முதலில் பாதிச் சம்பளம், பிறகு அதுவும் எப்போது வரும் என்று தெரியாத நிலை. புதுச்சேரியில் பஞ்சாலை வேலை என்பது ஒரு காலத்தில் அரசாங்க உத்தியோகம் மாதிரி. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் 12 பேர் உயிரைக் கொடுத்து வாங்கியது இந்த ஊரின் எட்டு மணி நேர வேலை. அந்த வேலையில் மூன்றாவது தலைமுறை அவர். நாற்பத்தைந்து வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் காலையில் கிளம்பி, மத்தியானம் திரும்புவார்.

ராத்திரி ஏழரை. "இன்னிக்கி என்ன கெடச்சுது?"

"ஒண்ணும் இல்ல."

மறுநாளும் "ஒண்ணும் இல்ல". அடுத்த வாரமும். எட்டு மாசம் அந்த ஒரே பதில். நேற்று சொன்னதை இன்று சொல்லக் கூடாது என்ற சட்டத்தை ஆயா அவருக்கு மட்டும் தளர்த்தினார்.

அம்மாவுக்குக் கோபம். பிள்ளைகள் முன்னால் இப்படிச் சொல்லலாமா, விசுவாசம் இல்லையா என்று. ஒரு பிரசங்கக் கூட்டத்துக்குப் போய்வந்த உறவினர், "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லணும், வேல போனதுக்கும் சொல்லு, கதவு தெறக்கும்" என்றார். ஆயிரம் ஸ்தோத்திரம் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சிவப்பு பல்புக்குக் கீழே வைத்தார். திறக்கவில்லை.

அந்த உறவினர் சொன்னதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது, பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம், 5-ஆம் அதிகாரம். அங்கே கிரேக்கத்தில் இருக்கிற முன்னிடைச்சொல் 'என்'. அதாவது 'இல்'. எல்லாச் சூழலிலும் நன்றி சொல்லச் சொல்கிறார் பவுல். எல்லாவற்றுக்காகவும் என்பது அந்த வரியில் இல்லை. வேற்றுமை உருபை மாற்றினால் ஒரு மனிதனை எவ்வளவு நசுக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். வேலை போன ஒருவனிடம், வேலை போனதற்காக நன்றி சொல் என்பது ஆறுதலே இல்லை.

பைபிளிலேயே இருக்கிற 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். பெரும்பாலானவை அழுகையில் ஆரம்பித்துக் கடைசியில் நன்றிக்குத் திரும்பும். 88-ஆவது சங்கீதம் மட்டும் திரும்புவதே இல்லை, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் ஜெபப் புத்தகம் என்று வைத்திருக்கிறார்கள். குருக்களும் கன்னியரும் சொல்லும் இரவுச் செபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சங்கீதம் வருகிறது. வாரம் ஒருநாள், 'ஒண்ணும் இல்ல' என்று சொல்வதற்குத் திருச்சபையே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயா அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "வந்து உக்காருறான் இல்ல? அவன் உக்காரட்டும்."

அந்த எட்டு மாசமும் வீட்டில் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி. நோட்டுப் போட்டுக் கடன் கொடுத்தார். ஒருநாளும் வாசலுக்கு வந்து கேட்கவில்லை. பிள்ளைகள் போனால் பொட்டலத்தோடு ஒரு கடலை மிட்டாய் தனியாக. அது நோட்டில் ஏறாது. அக்கா பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்திருந்தாள். அந்த நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தபோது, பல இடத்தில் அண்ணாச்சி குறைத்துக் கூட்டியிருப்பது தெரிந்தது. தப்பா, வேண்டுமென்றேவா? ராத்திரி அதை வெளியே எடுத்தாள். "ஆளுகிட்ட போய்ச் சொல்லணும்" என்ற சட்டப்படி மறுநாள் போய்ச் சொன்னாள். "கூட்டல்ல நான் எப்பவும் வீக்கும்மா" என்றாராம் அண்ணாச்சி. இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவர்!

கணக்கியலில் கடனை அடைத்ததும் அந்தக் கணக்கு மூடப்படும். அப்பாவுக்குப் பிறகு ஒரு லாட்ஜில் ராத்திரி வாட்ச்மேன் வேலை கிடைத்து, அம்மா தையல் மிஷின் போட்டு, ஒன்றரை வருஷத்தில் அண்ணாச்சியின் நோட்டு அடைந்தது. ஆனாலும் வீட்டில் எந்தப் பண்டிகை என்றாலும் முதல் தட்டு அந்தக் கடைக்குத்தான் போகிறது. கிறிஸ்துமஸுக்குப் போன தட்டு தீபாவளிக்கு அதிரசத்தோடு வரும். உதவியை அளவால் எடை போடாதே, எந்த நேரத்தில் வந்தது என்பதால் எடை போடு என்று வள்ளுவர் சொல்லும் கணக்குக்கு எந்தப் பேரேட்டில் பக்கம் இருக்கிறது?

அப்பா மறுபடி வாய் திறந்தது வாட்ச்மேன் வேலை கிடைத்த அன்று இல்லை. அன்றைக்கும் "ஒண்ணும் இல்ல" தான்! அதற்கு மூன்று நாள் கழித்து. முறை வந்தது, எல்லோரும் வழக்கம்போல் தாண்டிப் போகத் தயாராக இருந்தார்கள். "பஸ்ல நாலு ரூவா சில்லற இல்ல. கண்டக்டர் பரவால்ல போங்கனு சொல்லிட்டாரு" என்றார்.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார் என்று தெரியும். ஆயா மட்டும், "அவருகிட்ட சொன்னியா?" என்றார். மறுநாள் அப்பா அதே பஸ்ஸைப் பிடித்து நாலு ரூபாயை நீட்டி விஷயத்தைச் சொல்ல, கண்டக்டர் ஏதோ புகார் என்று நினைத்துப் பயந்துவிட்டாராம் :-)

வருஷக் கடைசி ராத்திரி, டிசம்பர் 31, எல்லாக் கத்தோலிக்கக் கோயில்களிலும் நன்றி வழிபாடு நடக்கும். நள்ளிரவில் புத்தாண்டுப் பூசை. 2011-ல் அதற்கு முந்தின நாள் காலையில்தான் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. ஊரெல்லாம் மரம் விழுந்து, கரண்ட் கம்பம் சாய்ந்து, தண்ணீர் இல்லை, போன் இல்லை. கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. மறுநாள் ராத்திரி, இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் 'இந்த ஆண்டுக்கு நன்றி' என்று சொல்ல வேண்டிய நிலைமை. அன்று வீட்டில் கடைக்குட்டி தம்பி சொன்னது: "பக்கத்து வூட்டு கைப்பம்பு." தெருவே அதில்தான் தண்ணீர் பிடித்தது. பம்பு வைத்திருந்த பாட்டியிடம் போய் அவன் சொன்னபோது அவர், "எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, இந்த வருசம் எடுத்துடலாம்னு இருந்தேன்டா" என்றாராம். எடுக்கவில்லை.

ஆயா 2019-ல் காலமானார். கேள்வி கேட்கும் பொறுப்பு யாருக்கு என்று பேசி முடிவெடுக்கவே இல்லை. முதல் வாரம் யாரும் கேட்கவில்லை. ஜெபம் முடிந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அப்பாதான் கேட்டார். எட்டு மாசம் ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே ஆள்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசைக்குப் போக வழி இல்லை. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. நெல்லித்தோப்பு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையும் தையல் மிஷினும் கட்டில் மேல், ஆட்கள் பெஞ்சு மேல். இருதய ஆண்டவரின் சிவப்பு பல்பு எரியவில்லை.

பின்தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம், மாடி வீடு. அந்த வீட்டுப் பையன்கள் இடுப்புத் தண்ணீரில் ஒரு பெரிய தூக்குச்சட்டியில் சூடாகக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார்கள். அன்று ராத்திரி பெஞ்சு மேல் உட்கார்ந்து கேள்வி கேட்டபோது நாலு பேருக்கும் ஒரே பதில்தான் இருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லாததால் பிரச்சினை இல்லை.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்பது எந்த மதத்து வீட்டிலும் இருக்கிற வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சர்க்கரை டப்பாவுக்குள் தண்ணீர் போய்ப் பாகாகிக் கிடந்தது. அரிசியும் ஈரம். அம்மா வீடு முழுக்கத் தேடிவிட்டு, மீதி இருந்த இரண்டு மெழுகுவத்தியையும் ஒரு புதுத் தீப்பெட்டியையும் தூக்குச்சட்டியில் போட்டு மூடி, தம்பியிடம் கொடுத்தார். அந்தத் தெருவில் கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை.